மணல்மேட்டில் பாய்போல் படரும் புதரை வளர்ப்பது எப்படி?

கேள்வி: வாலிநோக்கத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றபின், வாலிநோக்கத்தில் கடலை ஒட்டிய பூர்வீக நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். நிலத்தின் தென்மேற்கு மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு மணல்மேடு இருக்கிறது. வைகாசியில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் அந்த மேட்டு மணல் வீட்டு வாசல் வரை வந்து சேர்கிறது. காலையில் வாரிக் கொட்டினால் மாலைக்குள் வாசற்படி மறுபடியும் மறைந்துவிடுகிறது. மேட்டை வெட்டி அகற்றச் சொல்கிறவர்கள் உண்டு. புயல் அடிக்கும் நாளில் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான் என்பதால் எனக்கு மனம் வரவில்லை.

பணிக்காலத்தில் சில ஆண்டுகள் உத்தராகண்டில் இருந்தேன். துங்கநாத் கோயிலுக்கு ஏறும் பாதையில், மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் உயரத்துக்கு மேலே, தரையோடு தரையாகப் பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்கும் ஒரு குறும்புதரை அப்போது பலமுறை பார்த்திருக்கிறேன். இலை நெல்மணி அளவுதான் இருக்கும், ஓரத்தில் மெல்லிய மயிர் தெரியும். மழைக்காலம் முடியும் தறுவாயில் நல்ல நீல நிறத்தில் சிறு பழங்கள் இலைகளுக்கு நடுவே கிடக்கும். ஆளைத் தள்ளும் அந்த மலைக்காற்றிலும் அதன் அடியிலிருந்து ஒரு பிடி மண் பறந்து நான் பார்த்ததில்லை. அங்கேயே குடியேறிவிட்ட நண்பர் ஒருவர், வேரோடு ஒரு துண்டு எடுத்துப் பார்சலில் அனுப்புவதாகச் சொல்கிறார்.

அந்தச் செடி இங்கே பிழைக்குமா, பிழைத்தால் எப்படிப் பெருக்குவது? பிழைக்காதென்றால், நம் கரைக்கே உரிய செடிகளில் அதுபோலப் படர்ந்து மண்ணைப் பிடிப்பது எது? என் ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பு. நல்ல தண்ணீர் என்பது மணலில் தோண்டிய ஊற்றில் நாளுக்கு ஏழெட்டுக் குடம் மட்டும்தான். ஆகவே புல்தரை போடுங்கள் என்று மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

பதில்: பரமக்குடியிலிருந்து

ஐயா, நான் பரமக்குடிக்காரன்; ஆனால் இருபது ஆண்டுகள் உதகையில் நாற்றங்கால் வேலை பார்த்தவன். நீங்கள் சொல்லும் நீலப் பழம், மயிரோர இலை, படர்ந்த வளர்ச்சி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது கால்தீரியா ட்ரைகோஃபில்லா என்ற இமயமலைக் குறும்புதராகத்தான் இருக்க வேண்டும். ஏறத்தாழ 3,000 மீட்டரிலிருந்து 4,500 மீட்டர் வரையுள்ள உயரத்தில் காஷ்மீர் முதல் திபெத்தின் தென்கிழக்கு வரை இயல்பாக வளர்வது. உதகைக் கடைகளில் விற்கும் வின்டர்கிரீன் தைலம் எடுக்கும் புதர் இதற்கு நெருங்கிய உறவு. நீலகிரியில் தானாக வளரும் அந்த உறவுக்காரச் செடியையே மேட்டுப்பாளையத்துக்குக் கீழே கொண்டுவந்து பிழைக்கவைக்க என்னால் முடிந்ததில்லை. மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை வெட்கத்தை விட்டு ஐஸ்கட்டிகூட வைத்துப் பார்த்தேன்.

காரணம் வெயில் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பகல் வெயிலைவிட நம் இரவுச் சூடுதான் இவ்வகைச் செடிகளை முதலில் கொல்கிறது. மலையுச்சியில் மாதக்கணக்கில் பனிப் போர்வைக்குள் உறங்கி எழும் செடிக்கு, மார்கழி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் ராமநாதபுரம் கரையில் உறங்கவே வழியில்லை. இரவெல்லாம் மூச்சு விட்டுச் சேமித்ததைச் செலவழித்துவிட்டு, வேர் அழுகிப் போகும். அடுத்தது மண். இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு மக்கிய இலையும் பாசியும் கலந்த புளிப்பு மண் வேண்டும்; வேருக்குள் ஒரு பூஞ்சையைக் குடிவைத்துக்கொண்டு அதன் வழியாகவே உணவின் பெரும் பகுதியை எடுப்பவை இவை. உங்கள் மணலிலோ கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும். அதிலுள்ள சுண்ணாம்பு இரும்புச் சத்தை வேருக்குக் கிட்டாமல் பூட்டிவிடும். நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளானால் அதற்கு அதுதான் பொருள்.

கேட்டதற்காகச் சொல்கிறேன்: அங்கே அதைப் பெருக்குவது கடினமில்லை. தரையில் படிந்த கிளை கணுவில் தானே வேர் விட்டிருக்கும். அதன் தாய்ப்பக்கத்தை வெட்டிவிட்டு ஒரு பருவம் அங்கேயே விட்டு, பிறகு அடிமண்ணோடு பெயர்த்தால் பூஞ்சையும் கூடவே வரும். தண்டுத் துண்டு என்றால் கோடை முடிவில், அரைமுற்றிய நுனியை இரண்டு அங்குலத்துக்கு எடுத்து, மணலும் மக்கிய பாசியும் கலந்த கலவையில் நிழலில் வைக்க வேண்டும். வேர் வர மாதங்கள் ஆகும். விதை தூள்போல் இருக்கும். அதை மண்ணுக்குள் புதைக்காமல் ஈரப் பாசியின்மேல் தூவ வேண்டும்; அதற்கு முன் சில வாரங்கள் ஈரத்தோடு குளிரில் வைத்திருந்தால் முளைப்பு ஒழுங்காக வரும்.

இதையெல்லாம் உங்கள் நண்பர் தம் வீட்டுத் தோட்டத்தில் செய்யட்டும். துங்கநாத் பகுதி கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து அனுமதியில்லாமல் செடி எடுப்பது குற்றம். பார்சல் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

பதில்: தங்கச்சிமடத்திலிருந்து

ஐயா, பரமக்குடி அண்ணன் சொன்னதில் ஒரு செய்தியை மட்டும் உங்கள் மேட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: தரையில் படிந்த கிளை கணுவில் வேர் விடும் குணம். மலையுச்சியிலும் கடற்கரையிலும் செடிகள் குனிந்து வளர்வதற்குக் காரணம் ஒன்றே. தரையை ஒட்டிய ஒரு சாண் உயரத்தில் காற்றின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் மலைச்செடிக்கு இல்லாத ஒரு தொல்லை நம் கரைச்செடிக்கு உண்டு. மணல் அதை ஓயாமல் மூடிக்கொண்டே இருக்கும். மூட மூட மேலேறி, மூடப்பட்ட தண்டிலிருந்து புது வேர் விடுவதுதான் இங்கே நிலைக்கும்.

அப்படிப்பட்ட புதர் வெள்ளை முத்தகம். தாவரப் பெயர் ஸ்கேவோலா டக்காடா. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி வரை போகிறவர்கள் பெயர் தெரியாமலே பார்த்திருப்பார்கள். தடித்த, பளபளப்பான, வெளிர்பச்சை இலைகள் நுனியில் கொத்தாக நிற்கும். பூவை ஒருமுறை பார்த்தால் மறக்காது: ஐந்து இதழும் ஒரே பக்கமாக விசிறிபோல் விரிந்து, மற்றப் பாதியை யாரோ கிள்ளி எடுத்ததுபோல் இருக்கும். முத்துப்போல் வெள்ளைப் பழம். காற்று மறைவான இடத்தில் இது ஆள் உயரத்துக்கு மேலும் வளரும். கச்சான் நேராக அறையும் மேட்டிலோ முழங்கால், இடுப்பு உயரத்தில் காற்றே கத்தரித்து வைத்ததுபோல் மழுங்கிப் படர்ந்துவிடும். இதன் உடன்பிறப்பான ஸ்கேவோலா ப்ளூமியேரி இன்னும் தாழ்வாக, தண்டு முழுவதையும் மணலுக்குள் ஒளித்துக்கொண்டு இலை மட்டும் வெளியே தெரியும்படி வளரும். பழம் கறுப்பு. நீங்கள் கேட்ட பாய்க்கு அதுதான் மிக நெருக்கம் என்றாலும் கன்று கிடைப்பது அரிது; கிடைத்தால் விடாதீர்கள்.

முத்தகத்தை நான் பெருக்கும் முறை இது. ஆவணி கடைசியில், நுனியிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு, விரல் தடிமனுள்ள தண்டாக வெட்டுகிறேன். பூங்கொத்து இருந்தால் கிள்ளிவிட்டு, உச்சியில் மூன்று இலைகளை மட்டும் விட்டு அவற்றையும் பாதியாக நறுக்குகிறேன். தண்டு சோற்றுப் பதமாக இருப்பதால் வெட்டுவாயை ஒரு நாள் நிழலில் உலரவிடுவது நல்லது. அவசரப்பட்டு ஈரத்தோடு நட்ட ஆண்டில் பாதி அழுகியது. பைக்கு மூன்று பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு. செம்மண்ணோ களிமண்ணோ வேண்டாம். நல்ல தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். நான்கைந்து வாரத்தில் வேர் வந்துவிடும். புரட்டாசி முடிந்து ஐப்பசி முதல் மழை விழுந்ததும் மேட்டில் நடுகிறேன். நம் மாவட்டத்துக்கு மழை என்பதே அந்த மூன்று மாதம்தானே. தை பிறப்பதற்குள் வேர் ஈரமணலைப் பிடித்துவிட்டால் வைகாசிக் காற்றை அது தாங்கும்.

நடும்போது ஆழம் முக்கியம். மேல்மணலைக் கையால் விலக்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வெண்மை மாறிப் பழுப்பு தெரியும், விரலில் குளிர்ச்சி தட்டும். அங்கிருந்து இன்னும் அரைச்சாண் கீழே வேர் நுனி இருக்க வேண்டும். தண்டின் முக்கால் பங்கு மணலுக்குள் போனாலும் கவலை இல்லை. மேலே தெரிவது மூன்று நான்கு இலைதான் என்று பார்ப்பவர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

விதையும் போடலாம், பொறுமை உள்ளவர்களுக்கு. பழத்துக்குள் தக்கை இருப்பதால் அது கடலில் மாதக்கணக்கில் மிதந்து போகக்கூடியது. உப்புநீரில் இருக்கும்வரை உறங்கும், நல்ல தண்ணீர் பட்டால்தான் விழிக்கும். சதையை மணலில் தேய்த்து நீக்கி, மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து விதைக்க வேண்டும். முளைக்க ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும்.

முத்தகத்தை மட்டும் நட்டு நிறுத்திவிடாதீர்கள். மேட்டின் கடல்பார்த்த சரிவில் முதலில் அடப்பங்கொடி போக வேண்டும். பத்துப் பதினைந்து மீட்டர் ஓடும் கொடி, கணுவுக்குக் கணு வேர். மூன்று கணு உள்ள துண்டாக வெட்டி, இரண்டு கணுவை மண்ணுக்குள்ளும் ஒன்றை வெளியிலும் வைத்து மழை நாளில் நட்டாலே போதும். விதை என்றால் மேல்தோல் கல்போல் இருக்கும், ஒரு பக்கம் உரசி இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். அதற்கு நடுவே இராவணன் மீசை என்னும் முட்புல் தானாக வந்தால் பிடுங்காதீர்கள். முள் குத்தும், குழந்தைகள் திட்டும், ஆனால் மணலை அது பிடிப்பதுபோல் வேறெதுவும் பிடிப்பதில்லை. முத்தகத்துக்கு இடம் இவற்றுக்குப் பின்னால், மேட்டின் உச்சியிலும் வீட்டுப் பக்கச் சரிவிலும்.

பதில்: கீழக்கரையிலிருந்து

தங்கச்சிமடம் சகோதரி சொன்ன நடவுக்காலமும் ஆழமும் சரி. ஆனால் தண்டு நடவை அவர் சொல்லும் அளவுக்கு எளிதென்று நான் சொல்ல மாட்டேன். முதல் ஆண்டு அறுபது தண்டு வைத்தேன், பிழைத்தது பதினொன்று. ஊற்றுத் தண்ணீரை வீட்டுக்கு வைத்துக்கொண்டு பைகளுக்கு ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றியதுதான் காரணம் என்று பின்னால் புரிந்தது. வளர்ந்த முத்தகம் உப்புச் சாரலில் நின்று சிரிக்கும். வேர் இல்லாத தண்டு அதே உப்பில் இரண்டு வாரத்தில் கறுத்துவிடும். இதற்கிடையில் ஒரு நாற்றுப்பண்ணையில் முத்தகம் என்று சொல்லி வேறெதையோ என் தலையில் கட்டினார்கள். இலைவிளிம்பு மஞ்சளாக, அழகாகத்தான் இருந்தது. வாங்கும்போது பூவைக் கேட்காதது என் பிழை.

அதன்பின் பதியம் போடுவதற்கு மாறிவிட்டேன், திரும்பவில்லை. பிழைத்த பதினொன்றும் இரண்டு வயதானதும், தரையை ஒட்டி ஓடும் கிளைகளைத் தேர்ந்தேன். கிளையின் அடிப்பக்கத்தில், இலை உதிர்ந்த தழும்புக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் நகத்தின் அளவு பட்டையைச் சீவி, அந்த இடத்தை நான்கு விரல் ஆழத்தில் புதைத்து, காய்ந்த பனைமட்டைக் கருக்கில் வெட்டிய கவையால் அழுத்தி, நுனியை மட்டும் நிமிர்த்தி விட்டேன். மேலே ஒரு கல். கல்லுக்கு அடியில் ஈரம் நிற்கும் என்பதோடு, எங்கே புதைத்தோம் என்ற அடையாளமும் அதுவே. இரண்டு மாதம் கழித்துக் கிளையை மெல்ல இழுத்துப் பார்த்தால், வேர் இருந்தால் கை உணரும். உணர்ந்ததும் தாய்ப்பக்கம் வெட்டிவிட்டு, உடனே பெயர்க்காமல் இன்னும் பதினைந்து நாள் அங்கேயே விட வேண்டும். தண்ணீரைத் தாய்ச்செடி கொடுத்துக்கொண்டே இருப்பதால் நான் ஒரு குடம்கூடச் சுமக்கவில்லை. உங்களைப்போல ஏழெட்டுக் குடத்தில் காலம் தள்ளுகிறவருக்கு இதுதான் வழி.

இரண்டு எச்சரிக்கை. வேலி வைக்காமல் நடாதீர்கள். என் தோட்டத்தில் ஆடு கொழுந்தைக் கடித்துப் போட்ட கன்று அந்தக் கோடையைத் தாண்டவில்லை. பனை ஓலையையும் மட்டையையும் தென்மேற்குப் பக்கம் இரண்டு முழ உயரத்தில் நெருக்கமில்லாமல் கட்டினால் ஆடும் வராது, மணலும் வேலிக்கு வெளியிலேயே படியும். முழுவதுமாக அடைத்துக் கட்டினால் காற்று வேலியைத் தாண்டிக் குதித்து உட்பக்கம் குடைந்துவிடும். பாதிக்குப் பாதி இடைவெளி இருக்கட்டும். வெளி எல்லைக்குச் சங்கங்குப்பி என்னும் வேலிப்புதரை நெருக்கமாக நட்டுவிட்டால் பிறகு ஓலை வேலியே வேண்டியதில்லை. ஆடு அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். குச்சி ஒடித்து வைத்தாலே வரும்.

பதில்: மண்டபத்திலிருந்து

செடி எங்கே எடுப்பது என்பதை யாரும் சொல்லவில்லை. குருசடை, முயல் தீவு என்று படகில் போய் வெட்டி வரலாம் என்ற யோசனை சிலருக்கு எழும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே ஒரு கிளையைக்கூடத் தொடக் கூடாது. கரையோர மணல்மேடுகளும் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளில் மிகுந்த பாதுகாப்புள்ள பகுதியில் வருபவை. தனியார் நிலத்தில் நிற்கும் செடியில், உரிமையாளரைக் கேட்டு, ஒரு புதருக்கு நான்கைந்து தண்டுக்கு மேல் போகாமல் எடுத்தால் தாய்ச்செடிக்கும் கேடில்லை.

மற்றொன்று, அடப்பங்கொடியை அலை ஏறும் கோட்டுக்கு மிக அருகில் அடர்த்தியாக நட வேண்டாம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. அவற்றுக்குத் தோண்ட வெறும் மணல் வேண்டும். உங்கள் மேட்டின் அடியிலிருந்து கடல் வரையுள்ள திறந்த மணலை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வியாளர் மீண்டும்: வாலிநோக்கத்திலிருந்து

நால்வருக்கும் நன்றி. நண்பரிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன். அவர் தம் வீட்டு முற்றத்திலேயே ஒரு கிளையைப் பதியம் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். நேற்று மேட்டில் ஏறி மணலை விலக்கிப் பார்த்தேன். உச்சியில் முழங்கை வரை கை போன பிறகே ஈரம் தட்டுகிறது, சரிவில் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். ஆகவே இந்த ஆண்டு சரிவில் மட்டும் நட்டு, உச்சியை அடுத்த ஆண்டுக்கு விடலாம் என்று நினைக்கிறேன். ஊரில் உறவினர் தோட்டத்தில் பழைய முத்தகப் புதர் ஒன்று இருக்கிறது. பூவைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன், பாதிப் பூதான். கன்றுக்குக் கன்று எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

பதில்: தங்கச்சிமடத்திலிருந்து

உங்கள் கணக்கு சரி, உச்சி அடுத்த ஆண்டே. முத்தகத்துக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு, வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி முக்கோணமாக நடுங்கள். நேர்வரிசையாக நட்டால் நடுச்சந்துகளில் காற்று வாய்க்கால்போல் ஓடி மணலை அள்ளும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கிளைகள் தொட்டுக்கொள்ளும். அப்போது கீழக்கரைக்காரர் சொன்னபடி பதியம் போட்டால் உச்சிக்கு வேண்டிய கன்று அங்கேயே கிடைத்துவிடும். உறவினர் புதரில் வெட்டப் போகும்போது ஈரச் சாக்கு ஒன்று கொண்டுபோங்கள், வெயிலேறும் முன் வேலையை முடித்துவிடுங்கள்.